வாசித்துக் காட்டுபவருக்கு

போன வாரம் மின்னலை எங்கே விட்டோம்? புது ஆல்பம் வெளியான காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாது. பெரியவ வாசிக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று உத்தரவு போட்ட இடத்தில். கதவு இன்னும் திறக்கவில்லை. உள்ளே ஹேர் டிரையர் ஓடிக்கொண்டிருக்கிறது. உலர்த்துவதற்கு அவ்வளவு முடி இல்லை, சத்தம்தான் பெரிது.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மின்னல் என்பது ரசிகர்கள் வைத்த பெயர். ஒரு காலத்தில் வெள்ளி நிற ஜாக்கெட்டில், மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு முழங்காலில் சறுக்கிக்கொண்டே பாடுவார். பெண்கள் மயங்கி விழுவார்கள். இப்போது சறுக்கினால் அவரைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டும். ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார். சாயங்காலம் அரங்கத்தில் வெளியீட்டு விழா.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தன்னைப் பற்றி யார் எழுதியதையும் மின்னல் தானாகப் படிக்க மாட்டார். படிக்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி போட்டால் கிழவன் ஆகிவிடுவாராம். ஆல்பம் வெளியான நாளில் குளித்து, கமகமவென்று வந்து ஹாலின் நடு சோபாவில் உட்காருவார். மனைவியும் மகனும் ஆளுக்கொரு பக்கம் உட்காருவார்கள். விமர்சனங்களை மூத்த மகள், பெரியவள், வாசிப்பாள்.

வாசிப்பாள் என்றா சொன்னேன்? இல்லை, சமைப்பாள். "குரல் துருப்பிடித்துவிட்டது" என்று எழுதியிருந்தால், "குரலில் இரும்பின் உறுதி" என்று அவள் வாயிலிருந்து வரும். "இவர் ஓய்வெடுக்கலாம்" என்பது "ஓய்வறியாத உழைப்பு" ஆகிவிடும். கண் ஒன்றைப் பார்க்கும், வாய் வேறொன்றைச் சொல்லும், நடுவில் துளி தடுமாற்றம் இருக்காது. நாற்பதைத் தாண்டிய பெரியவள் வாழ்க்கையில் கற்றுத் தேர்ந்த வித்தை இது ஒன்றுதான். அம்மாவுக்கும் தம்பிக்கும் இது தெரியும். அந்த நாலு சுவரைத் தாண்டி வேறு யாருக்கும் தெரியாது.

வழக்கமாக முன்கூட்டியே எல்லாவற்றையும் படித்து, எதை எப்படித் திருப்புவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிடுவாள். இன்று அதற்கு வழியில்லாமல் போயிற்று. விடிந்ததும் வாசலில் ரசிகர்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

*

கூட்டம் என்று சொல்ல மனசு வரவில்லை. ஒரு வேனில் அடங்கிவிடும். முன்னால் ரசிகர் மன்றத் தலைவர், டயர் கடைக்காரர். சட்டைப் பையில் மின்னலின் இளவயதுப் படம் போட்ட பேட்ஜ் குத்தியிருந்தார். பின்னால் இரண்டு பேர் ஒரு பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதிலும் அதே இளவயதுப் படம்தான். புதுப் படம் எடுத்து அனுப்பியும் அவர்கள் போடவில்லை.

"புது ஆல்பம் கேட்டீங்களா?" என்றாள் பெரியவள், கேட்டை முழுக்கத் திறக்காமல்.

டயர் கடைக்காரர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவர் பேனரைப் பார்த்தார்.

"கேட்டோம் மேடம். அண்ணன் பாடினா நல்லா இல்லாம போகுமா? ஆமா, சாயங்காலம் அந்தப் பழைய ரயில் பாட்டு பாடுவாரில்ல?"

"இன்னைக்குப் புதுப் பாட்டு மட்டும்தான்."

"ஓ." தலைவரின் முகம் சுருங்கிவிட்டது. "ஒண்ணு கூடவா? கடைசியில ஒரு ரெண்டு வரி?"

"எல்லாமே புதுசுதான்."

"அப்ப நீங்க போங்கண்ணே" என்று பின்னாலிருந்து ஒருவர் தலைவரிடம் சொன்னார். "எனக்கு முட்டி வலி. அவ்வளவு நேரம் உட்கார முடியாது."

ரயில் பாட்டுக்கு விடிய விடிய நின்ற முட்டி அது.

அதுவரை ஓரமாக நின்றிருந்த ஒரு அம்மா முன்னால் வந்தார். வங்கியில் வேலை, அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. இந்தக் கூட்டத்தோடு சேர்ந்தவராகத் தெரியவில்லை. தெருமுனையில் தன் காரை நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. என் காலேஜ் நாளெல்லாம் உங்கப்பா குரல்லதான் இருந்துச்சு. நேத்துவரைக்கும் இருந்துச்சு. இதைக் கேட்டதும் அதுவும் போயிடுச்சு. அவரை நிறுத்திக்கச் சொல்லுங்க. மிச்சம் இருக்கறதையாவது நாங்க பத்திரமா வெச்சுக்கறோம்."

அழுகை வந்தது அவருக்கு. பெரியவளுக்கு வரவில்லை. "சொல்றேங்க" என்றாள், எல்லாரிடமும் சொல்வதைப் போல.

"இன்னொண்ணு. அந்த ஆறாவது பாட்டு, கடைசியில ஒரு ஹம்மிங் வருதே, அது யாரு?"

பெரியவளின் கை கேட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்தது. "விமர்சனத்துல ஏதாவது போட்டிருந்தாங்களா?"

"நான் விமர்சனமெல்லாம் படிக்கறதில்லம்மா. வேலைக்குக் கார்ல போகும்போது கேட்டேன். அதைக் கேட்டுட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

"அது கீபோர்டு."

"கீபோர்டா? மூச்சு எடுக்கற சத்தம் கேட்டுச்சே."

பெரியவள் உள்ளே போக வேண்டும் என்று சைகை காட்டிவிட்டுத் திரும்பினாள்.

கீபோர்டு இல்லை என்று அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? பதிவு நடந்த நாளில் அந்தக் கடைசி உயரத்தை மின்னலால் எட்ட முடியவில்லை. திரும்பத் திரும்பப் பாடி, தொண்டை கட்டி, இருமி, காபி குடிக்க வெளியே போனார். "அந்த இடத்துல ட்யூன் எப்படிப் போகணும்னு அடையாளத்துக்கு ஒரு தடவை பாடி வெச்சிடுங்க மேடம். சார் வந்ததும் அதைக் கேட்டுப் பாடிடட்டும், அப்புறம் அழிச்சிடறேன்" என்றார் சவுண்டு இன்ஜினியர். மைக் முன்னால் நின்று, கண்ணை மூடி, வார்த்தையில்லாமல் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு வந்தாள். மின்னல் திரும்பி வந்து கேட்டார். "அட, கீபோர்டு போட்டுட்டியா? நல்லாயிருக்கே. அப்படியே இருக்கட்டும், நான் பாட வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இன்ஜினியர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

பெற்ற மகளின் குரலை மெஷின் என்று நினைத்த மனுஷனிடம் என்னவென்று சொல்வது?

"பெரியவளே!" உள்ளேயிருந்து குரல் வந்தது. டிரையர் நின்றிருந்தது.

*

மின்னல் நடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலத்துக்கான வெள்ளி ஜாக்கெட்டை மாட்டியிருந்தார். மாட்டியிருந்தாரே தவிர அது மூடவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பிரித்து, ஒட்டுத்துணி வைத்து அவர் உடம்போடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தார். மடியில் போன் கிடந்தது. அம்மா எப்போதும் அந்தப் போனில் மிட்டாய் உடைக்கிற விளையாட்டு விளையாடுவார் என்பது வீட்டில் பழைய கேலி. கச்சேரிக்குப் போனாலும் முன் வரிசையில் உட்கார மாட்டார். ஸ்பீக்கர் சத்தம் காதை அடைக்கிறது என்று கடைசியில் போய் உட்கார்ந்து அங்கேயும் மிட்டாய் உடைத்துக்கொண்டிருப்பார்.

மறுபக்கம் தம்பி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். விளம்பரக் கம்பெனியில் சோப்புக்கும் பெயின்ட்டுக்கும் வாசகம் எழுதுகிறவன். வாய் கொஞ்சம் நீளம்.

பெரியவள் டேப்லெட்டைத் திறந்தாள். முதல் விமர்சனம் ஒரு நாளிதழ். ஒத்திகை இல்லாமலே ஆரம்பித்தாள்.

'அறுபத்து நாலு வயதில் இருபது வயதுக்காரனைப் போலப் பாட நினைப்பது துணிச்சல் அல்ல, அடம்' என்று இருந்தது.

"அறுபத்து நாலு வயதில் இருபது வயதுக்காரனைப் போலப் பாடும் துணிச்சல்" என்று வாசித்தாள்.

"வயசை எதுக்குப் போடறான்?"

"ஆச்சரியமா சொல்றாருப்பா."

"ம். மேல வாசி."

அடுத்தது வானொலிக்காரர் ஒருவர். 'முதல் பாட்டு முடிவதற்குள் என் வீட்டுச் சமையலறை அலமாரி முழுவதையும் துடைத்து முடித்தேன்' என்று எழுதியிருந்தார்.

"முதல் பாட்டைக் கேட்டதும் வீட்டு வேலை எதுவும் ஓடவில்லை."

தம்பிக்கு ஆரஞ்சு புரையேறியது. மின்னல் அவனை முறைத்தார்.

இப்படியே நாலைந்து போயிற்று. ஒவ்வொன்றுக்கும் மின்னலின் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. "அசையாதீங்க" என்றார் அம்மா, ஊசியை இழுத்தபடி.

"பின்வரிசை எழுதிட்டானா?" என்றார் மின்னல் திடீரென்று.

பின்வரிசை என்பவர் யார் என்று யாருக்கும் தெரியாது. முகம் கிடையாது, பேட்டி கிடையாது, அந்தப் புனைபெயர் மட்டும்தான். இசையைப் பற்றி அவர் எழுதிவிட்டால் ஊரே அதைத்தான் பேசும். அவர் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பாடகர் பாட்டை விட்டுத் துணிக்கடை வைத்துவிட்டார், வியாபாரமும் நன்றாகத்தான் போகிறது. மின்னலின் கடைசிக் கச்சேரியைப் பற்றி 'அவர் பாடினார். நாங்கள் பொறுத்துக்கொண்டோம்' என்று இரண்டே வாக்கியம் எழுதியிருந்தார். அதை, 'அவர் பாடினார். நாங்கள் எங்களையே மறந்தோம்' என்று பெரியவள் வாசித்தாள். மின்னல் அன்று சந்தோஷத்தில் கண் கலங்கினார்.

"எழுதியிருக்கார்பா. விடிகாலையிலயே வந்திருக்கு."

"வாசி. ஒண்ணு விடாம வாசி."

'மழை வரும் என்று குடையோடு போய், நனையாமல் திரும்பினேன்' என்று தொடங்கியிருந்தது. "மழையில் நனைந்து திரும்பினேன்" என்றாள். 'மூன்றாவது பாட்டில் தாளத்தைவிட அவர் மூச்சு வாங்குவதுதான் ஒழுங்காக இருக்கிறது.' "மூன்றாவது பாட்டில் தாளமும் மூச்சும் அவ்வளவு ஒழுங்கு" என்றாள். வாய் தானாக ஓடியது.

நான்காவது பாட்டைத் திருப்ப வழி தெரியாமல் தாண்டி, அடுத்த பத்தியில் கண் போய் நின்றது. வாய் நின்றுவிட்டது.

'ஆறாவது பாட்டின் கடைசியில் ஒரு பெண் குரல் வருகிறது. சொல் இல்லை, ஒரே ஒரு இழுப்பு. இந்த ஆல்பத்தில் யாராவது பாடியிருக்கிறார் என்றால் அது அந்தப் பெண் மட்டும்தான். அவள் பெயரைப் போடவில்லை. இருபது வருடமாக இந்தக் குரலை எந்த வீட்டில் பூட்டி வைத்திருந்தார்கள்? பூட்டியவருக்குக் காது இல்லை. பூட்டப்பட்டவளுக்கு முதுகெலும்பு இல்லை.'

ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். முதுகெலும்பு இல்லை என்பது உறைக்கவே இல்லை. யாரையும் புகழாத மனுஷன் தன்னைப் புகழ்ந்திருக்கிறார் என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. உள்ளங்கால் வரைக்கும் ஒரு சந்தோஷம் ஓடியது. அப்படி ஒன்று தனக்குள் மிச்சம் இருக்கிறது என்பதையே அவள் மறந்து போயிருந்தாள்.

அதன் கீழே தனியாக ஒரு வரி இருந்தது.

'இதை அவருக்கு வாசித்துக் காட்டுபவருக்கு: இந்தப் பத்தியை மட்டுமாவது உள்ளபடி வாசியுங்கள்.'

நாலு சுவருக்குள் நடப்பது பின்வரிசைக்கு எப்படித் தெரியும்?

"என்ன நிறுத்திட்ட?" என்றார் மின்னல்.

"நெட் கொஞ்சம் ஸ்லோப்பா. இதோ." அந்தப் பத்தியைத் தாண்டிக் கடைசி வாக்கியத்துக்குப் போனாள். "மின்னல் மின்னலேதான்."

மின்னல் சோபாவில் சாய்ந்தார். "பரவாயில்ல. அவனுக்கும் புத்தி வந்துடுச்சு."

"தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்து போகும்போது தம்பியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

*

"நீதானே?" சமையலறைக் கதவைச் சாத்திய கையோடு கேட்டாள்.

"எது?"

"பின்வரிசை. நடிக்காதடா. நான் மாத்தி மாத்தி வாசிக்கறது மூணு பேருக்குத்தான் தெரியும். அப்பாவுக்கே தெரியாது. நான் எழுதல. அம்மாவுக்கு மிட்டாய் உடைக்கவே நேரம் பத்தல. மிச்சம் யாரு?"

டேபை வாங்கிப் படித்தான். படிக்கப் படிக்க அவன் சிரிப்பு நின்றது.

"எனக்கு இப்படி எழுத வந்தா நான் எதுக்குக்கா சோப்புக்கு எழுதிட்டு இருக்கேன்?" என்றான். பிறகு மெதுவாக, "ஆறாவது பாட்டுல நீயா?"

அவள் டேபைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

"நீதான். அடிப்பாவி. அவர் கீபோர்டு, கீபோர்டுன்னு பெருமையா சொல்லிட்டு இருந்தாரே!"

"மெதுவா பேசுடா. அவர் காதுல விழுந்தா செத்துடுவார். சாயங்காலம் மேடை ஏறணும்."

"ஏறட்டும்." தம்பியின் கண்ணில் அவளுக்குப் பிடிக்காத ஒரு பளபளப்பு வந்தது. "நான் கிட்டார் கத்துக்கணும்னு கேட்டப்போ, எனக்கு விரலா இல்ல வெண்டைக்காயான்னு எல்லார் முன்னாடியும் கேட்டார். ஞாபகம் இருக்கா? ஒரே ஒரு தடவை அவர் மூஞ்சி மாறறதைப் பார்க்கணும்க்கா."

"டேய், வேண்டாம்டா."

அவள் கையைத் தட்டிவிட்டு டேபோடு ஹாலுக்குப் போய்விட்டான். அவள் பின்னால் ஓடினாள். அதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"அப்பா, அக்கா ஒரு பத்தியை விட்டுட்டா."

மின்னல் மகளைப் பார்த்தார். "விட்டுட்டியா?"

"முக்கியமா ஒண்ணும் இல்லப்பா."

"பின்வரிசை எழுதினதுல முக்கியம் எது, முக்கியம் இல்லாதது எதுன்னு நீ சொல்றியா? வாசி."

தம்பி டேபை அவள் கையில் திணித்தான். அம்மா தலை நிமிரவில்லை. ஊசி உள்ளே போய் வெளியே வந்தது.

திருப்பி வாசித்திருக்கலாம். முடியாமல் இல்லை. எத்தனையோ தடவை செய்ததுதான். ஆனால் அந்தச் சந்தோஷம் இன்னும் உடம்பில் இருந்தது. அதைத் தன் வாயாலேயே கொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. உள்ளபடி வாசித்தாள். காது இல்லை என்பதையும் வாசித்தாள். முதுகெலும்பு இல்லை என்பதையும் வாசித்தாள். கடைசித் தனி வரியை மட்டும் விழுங்கிவிட்டாள்.

மின்னலின் முகத்தில் ஈயாடவில்லை.

"பொம்பளைக் குரலா? அது கீபோர்டு."

"நீங்கதான் கீபோர்டுன்னு சொன்னீங்க. நான் இல்லன்னு சொல்லல."

"அப்ப யாரு?"

"நான்தான்பா."

தம்பி ஆசைப்பட்டதைப் போல முகம் மாறியது. ஒரு நொடிதான். பிறகு மின்னல் சிரிக்க ஆரம்பித்தார். மேடையில் சிரிக்கிற அதே சிரிப்பு.

"காலேஜ்ல நீ பாடினப்பவே நான் சொன்னேனே. உனக்குக் குரல் இருக்கு, முகம்தான் இல்லன்னு. இப்பவும் அதேதான். முகம் தெரியாம பாடின, நல்லாயிருக்குங்கறான். மூஞ்சியைக் காட்டினா இவனே என்ன எழுதுவான், பார்க்கறியா?"

அதைச் சொல்லும்போது அவர் கோபமாகக்கூட இல்லை. அதுதான் கொடுமை.

"இன்ஜினியருக்குப் போன் போடு. அந்தச் சத்தத்தை எடுத்துட்டு வேற ஏத்தச் சொல்லு. சாயங்காலத்துக்குள்ள ஆகணும். என் ஆல்பத்துல என் பொண்ணு இழுத்ததுதான் பாட்டுன்னு ஊர் சிரிக்கவா?"

போன் போட்டாள். நம்புவீர்களா? அவள் குரலை அழிக்கச் சொல்லி அவளே போன் போட்டாள். இந்த வீட்டில் எல்லாப் போனும் அவள்தான் போடுவாள். கை தன் பாட்டுக்கு எண்ணைத் தட்டியது. வாய் தன் பாட்டுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னது. எதிர்ப்பக்கம் இன்ஜினியர் நிறையப் பேசினார். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"என்ன சொல்றான்?" என்றார் மின்னல்.

"சரின்னு சொல்..."

அவளால் முடிக்க முடியவில்லை. முதுகெலும்பு இல்லை என்ற வார்த்தை இப்போதுதான் உறைத்தது.

"பின்வரிசை எழுதினதிலேர்ந்து ஜனங்க ஆறாவது பாட்டை மட்டும்தான் கேக்கறாங்களாம்" என்றாள். "அதுவும் முழுசா இல்லையாம். உங்க பாட்டைத் தள்ளிவிட்டுட்டு நேரா கடைசிக்குப் போறாங்களாம். மத்த பாட்டெல்லாம் பாதியில நிக்குதாம். இதையும் எடுத்துட்டா அதுல மிச்சம் என்ன இருக்கு மேடம்னு கேக்கறார்."

"அவன் அப்படியா சொன்னான்?"

"அப்படியேதான் சொன்னார். அவர் சொன்னதைத்தான் சொல்றேன். உங்களுக்கு ஒருத்தர் சொன்னதை நான் அப்படியே சொல்றது இதுதான் முதல் தடவை."

மின்னலுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மகளைப் பார்த்தார். "முதல் தடவைன்னா?"

பெரியவள் போனை வைக்கவில்லை. இன்ஜினியரைக் காத்திருக்கச் சொல்லி மேசைமேல் கவிழ்த்தாள். டேபை எடுத்துக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"முதல்லேர்ந்து வாசிக்கறேன்பா."

"வேண்டாம்."

"அறுபத்து நாலு வயதில் இருபது வயதுக்காரனைப் போலப் பாட நினைப்பது துணிச்சல் அல்ல, அடம்."

மின்னல் எழப் பார்த்தார். ஜாக்கெட் இழுத்தது. அம்மா தையலைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். "அசையாதீங்க. ஊசி குத்தும்."

"முதல் பாட்டு முடிவதற்குள் என் வீட்டுச் சமையலறை அலமாரி முழுவதையும் துடைத்து முடித்தேன்."

"போதும்."

அவள் நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. பாட்டைப் போல, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, எங்கே மூச்சு எடுக்க வேண்டுமோ அங்கே எடுத்து வாசித்தாள். பழைய கச்சேரியின் விமர்சனத்தையும் விடவில்லை, அது மனப்பாடம். "அவர் பாடினார். நாங்கள் பொறுத்துக்கொண்டோம்." அன்று கண் கலங்கிய மின்னல் இன்றும் கண் கலங்கினார். தம்பி ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டான். "அக்கா, விட்டுடு. போதும்க்கா" என்றான். பார்க்க ஆசைப்பட்டவன்தான், பார்த்ததும் தாங்கவில்லை.

அவளுக்கு இனித்தது. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் இனித்தது.

"பின்வரிசை" என்றாள், பக்கத்தை மாற்றி. "மழை வரும் என்று குடையோடு போய், நனையாமல் திரும்பினேன்." மூச்சு எடுத்துக்கொண்டாள். "மூன்றாவது பாட்டில் தாளத்தைவிட அவர் மூச்சு வாங்குவதுதான் ஒழுங்காக இருக்கிறது. நான்காவது பாட்டில்..." திரை நின்றுவிட்டது. விரலால் தேய்த்தாள். நகரவில்லை.

"நான்காவது பாட்டில் காதலியைக் கூப்பிடுகிறாரா, ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறாரா என்று தெரியவில்லை" என்றார் அம்மா.

நிமிராமல், நூலை இழுத்துக்கொண்டே சொன்னார்.

திரை நகர்ந்தது. நான்காவது பாட்டைப் பற்றிய வரி வந்தது. ஒரு சொல் மாறாமல் அதுவேதான். முதல் தடவை அந்த வரியை அவள் வாசிக்கவே இல்லை, ஒரேயடியாகத் தாண்டிப் போயிருந்தாள்.

தம்பி அம்மாவைப் பார்த்தான். மின்னல் அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் மடியில் போன் சும்மா கிடந்தது. அதில் மிட்டாய் எதுவும் இல்லை.

"நீயா?" என்றார் மின்னல். குரலே வரவில்லை அவருக்கு.

"கடைசி வரிசையில உட்கார்ந்தாத்தான் எல்லாம் கேக்கும்" என்றார் அம்மா. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு மகளைப் பார்த்து, "இத்தனை வருஷம் ஆச்சு உனக்கு. எழுதி உதைச்சாத்தான் வாசிப்பியா?" என்றார்.

பெரியவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. யாரையும் புகழாத மனுஷன் புகழ்ந்தார் என்று உள்ளங்கால் வரைக்கும் ஓடிய சந்தோஷம் அம்மா போட்டதா? ஊர் கேட்கிறதே, அதுவும் அம்மா எழுதியதால்தானே? தன் பிள்ளை பாடினால் எந்த அம்மாவுக்குத்தான் நன்றாக இருக்காது? குழந்தைக்குச் சப்புக்கொட்டி ஊட்டுவதைப் போல ஊட்டியிருக்கிறாள். நாற்பது வயதில் அவளும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். அப்பா சொன்னதைவிட இது அதிகமாக வலித்தது.

மேசைமேல் கவிழ்ந்திருந்த போனிலிருந்து சின்னதாகக் குரல் வந்தது. "ஹலோ, மேடம்? இருக்கீங்களா? எடுத்துடவா, வேண்டாமா?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

'நான் விமர்சனமெல்லாம் படிக்கறதில்லம்மா.' அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. கழுத்தில் அட்டையோடு ஒருத்தி. மூச்சு எடுக்கிற சத்தத்தைக் கேட்டவள். அதைக் கேட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்தவள். அவளிடம் கீபோர்டு என்று சொல்லி அனுப்பியது யார்?

பெரியவள் போனை எடுத்தாள். "அப்படியே லைன்ல இருங்க. ஒருத்தரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். டேபைப் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடினாள்.

கேட்டருகே பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.